சூசையூர்ச் சிலுவையின் எடை

குழந்தைராஜின் பட்டறைத் தரையில் குறுக்கே ஒரு நீலக் கோடு ஓடுகிறது. கேட்டைத் திறந்து உள்ளே வந்தால் முதல் பாதியில் நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி. கோட்டைத் தாண்டினால் அரண்மனைத் தூண், அன்னப்பறவை, ரோமாபுரிச் சிம்மாசனம், கல்யாண மேடைக்கான மயில்தோகை. முன் பாதியில் இருப்பதெல்லாம் மரம். பின் பாதியில் இருப்பதெல்லாம் மரம் மாதிரி, கல் மாதிரி, தங்கம் மாதிரி. அவர் மனைவி பாத்திமா மேரி முன்பக்கத்துக்கு மெய் என்றும் பின்பக்கத்துக்குப் பொய் என்றும் பெயர் வைத்திருக்கிறாள். சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று, "மெய்யில இருக்கீங்களா, பொய்யில இருக்கீங்களா?" என்று அவள் குரல் கொடுக்கும்போது, சாலையில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பட்டறை இருப்பது தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில். சொந்த ஊர் சூசையூர், அங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஐ.டி.ஐ.யில் தச்சு படித்த கையோடு சென்னைக்குப் போனவர், ஒன்பது வருஷம் சினிமா செட் போடுகிற இடங்களில் வேலை பார்த்தார். ஒரு முழு நீதிமன்றத்தை நாலு நாளில் எழுப்பி ஐந்தாம் நாள் பிரித்துப் போட்ட கை அது. ஒருநாள் அவர் செய்த படிக்கட்டில் லைட் பிடிக்கிற பையன் ஒருவன் அவசரமாக ஏறினான். அது ஏறுவதற்குச் செய்ததல்ல, பார்ப்பதற்குச் செய்தது. பையனுக்குக் கால் ஒடிந்தது. குழந்தைராஜை யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மறுமாதம் ஊர்ப்பக்கம் வந்துவிட்டார். பட்டறைக்கு வாடகை பேசிய அன்று முதலில் வாங்கியது ரம்பமல்ல, ஒரு டப்பா நீலப் பெயிண்ட்.

இப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. நாற்காலி வேண்டும் என்று வருகிறவரை அவர் எடுத்தவுடன் டேப்பால் அளப்பதில்லை. மூலையில் அவரே செய்த அளவு நாற்காலி ஒன்று இருக்கிறது. உட்காரும் பலகை ஏறும், இறங்கும். முதுகுப் பலகை சாயும், நிமிரும். எங்கே பார்த்தாலும் திருகாணி. பார்த்தால் பல் பிடுங்குகிற இடம் போலிருக்கும். வந்தவரை அதில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து ஊர்க்கதை பேசுவார். முதல் ஐந்து நிமிஷம் எல்லோரும் நிமிர்ந்துதான் உட்காருவார்கள். அது முதுகல்ல, மரியாதை. பத்தாவது நிமிஷம் தோள் இறங்கும். பதினைந்தாவது நிமிஷம் இடுப்பு தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அப்போதுதான் திருகாணியை முடுக்கி அளவு குறிப்பார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஒருவர் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருந்தார். அவரை மட்டும் மறுநாளும் வரச் சொன்னார்.

வேலை முடிந்ததும் சாமானைக் கவிழ்த்து, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதுவார்: என்ன மரம், எந்த மாதம், எத்தனை கிலோ. எடை எதற்கு என்று கேட்டால், "வீடு மாத்துறப்ப தூக்குறவனுக்குத் தெரிய வேணாமா?" என்பார். கோட்டுக்குப் பின்னால் செய்கிற எதிலும் அவர் எழுதுவதில்லை. மயில்தோகைக்கு என்னவென்று எழுதுவது?

இப்படிக் கோடு போட்டு வாழ்ந்த மனிதரைத்தான் போன வருஷம் ஒரு சிலுவை வந்து நடுக்கோட்டில் நிற்க வைத்தது.

சூசையூரில் வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று பாஸ்கா நடக்கும். ஆண்டவர் பாடுபட்டு மரித்த கதையை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பது அது. மற்ற ஊர்களில் ராத்திரியில் நடத்துவார்கள். சூசையூரில் காலை பத்து மணிக்குத் தொடங்கி, ஆண்டவர் உயிர்விட்ட பகல் மூன்று மணிக்குச் சரியாக முடிப்பார்கள். உளுந்து எடுத்து முடித்த வயலில் மேடை. மேடையும் எருசலேம் நகரமும் எப்போதும் குழந்தைராஜின் வேலை. சிலுவை மட்டும் அவர் வேலையல்ல, அது ஊரின் பழைய சொத்து. ஒன்பதடி நீளம், பூவரசு மரம், உள்ளும் புறமும் ஒரே கட்டை. தோளில் வைத்துக்கொண்டு எருசலேம் வீதியில் நடக்க அது. கல்வாரி மேட்டில் ஆளை ஏற்றி நிறுத்துவதற்கு இரும்புக் குழாயில் வேறு ஒன்று உண்டு.

பக்கத்தில் வடக்கூரிலும் பாஸ்கா உண்டு. அங்கே சிலுவை தெர்மாகோல். இதை வைத்துச் சூசையூர்க்காரர்கள் வடக்கூரை ஓட்டாத நாளில்லை. அதிலும் இருபத்தொரு வருஷமாக ஏசுவாக நடிக்கும் ஜெக்கரியாவின் வாய் சும்மா இருக்காது. "தெர்மாகோல் ஏசு வர்றாரு, காத்தடிக்கப் போவுது, புடிச்சுக்குங்கடா" என்று டீக்கடையில் வடக்கூர்க்காரர் முகத்துக்கு நேரே சொல்வார். ஜெக்கரியா கரண்டு ஆபீஸில் லைன்மேன், குழந்தைராஜுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. பொங்கல் கழிந்ததும் தாடி வளர்க்கத் தொடங்கிவிடுவார்.

போன வருஷம் மாசி மாதம் பாஸ்கா கமிட்டிக்காரர்கள் சிலுவையை ஒரு மினி லாரியில் ஏற்றிவந்து பட்டறையில் இறக்கினார்கள். இரண்டு கட்டையும் சேருமிடத்தில் பெரிதாக வெடித்திருந்தது. "புதுசு செஞ்சுடுங்க. அதே அளவு, அதே கனம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழந்தைராஜ் அதைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். முப்பத்தெட்டு கிலோ இருந்தது.

மறுநாளே ஜெக்கரியா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. வேறு நாற்காலி காலியில்லாததால் அளவு நாற்காலியில் உட்கார்ந்தார். சிலுவையைப் பற்றி விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், வடக்கூர்க்காரர்களைக் கொஞ்சம் வைதார். டீ வந்தது. குழந்தைராஜ் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பத்தாவது நிமிஷம் தோள் இறங்கியது. அப்புறம் முதுகு சாய்ந்தது. சாய்ந்த முதுகு ஒரு நோயாளியின் முதுகு.

"என்னடா பண்ணுது உனக்கு?" என்றார் குழந்தைராஜ்.

ஜெக்கரியா பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "கார்த்திகையில நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்கடா. மாமியா வீட்டுக்குப் போயிருக்கேன்னு ஊருல சொல்லிட்டோம். பத்து கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுங்கறாரு டாக்டரு."

"அப்ப இந்த வருஷம் வேற யாராச்சும் செய்யட்டும்."

"ரெஜின் செய்வான். எங்க அக்கா மவன். அவனுக்குத் துபாயில லீவு அடுத்த வருஷந்தான். இந்த ஒரு வருஷம்டா."

"கமிட்டில சொல்லு. லேசா செய்யச் சொல்லிடுவாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? வடக்கூர்க்காரன நான் பேசாத பேச்சா?"

மல்லாந்து படுத்துத் துப்பினால் மார் மேலேதான் விழும். ஜெக்கரியாவுக்கு விழுந்துவிட்டது. சிரிப்பு வந்திருக்க வேண்டும், குழந்தைராஜுக்கு வரவில்லை.

"விட்டுடேன்டா. உசுரு போயிட்டா என்ன நாடகம்?"

ஜெக்கரியா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வருஷத்துல அந்த ஒரு நாளுதான் என்னையப் பாத்து ஊரு அழுவுது. மத்த நாளெல்லாம் கரண்டு எப்ப வரும்னு கேக்குது" என்றார்.

பார்வைக்குப் பழசாகவும் எடைக்கு லேசாகவும் ஒரு சிலுவை செய்து தருவதாக ஒப்புக்கொண்டார் குழந்தைராஜ். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்துகொடுத்தார்.

வேலை நன்றாகத்தான் அமைந்தது. பழைய சிலுவையைப் பெரிய ரம்பத்தில் கொடுத்து, நாலு பக்கமும் மேல்தோலைக் கால் அங்குலப் பலகையாக அறுத்தெடுத்தார். அந்தத் தோலையே பெட்டியாக ஒட்டினார். இத்தனை வருஷம் தோள் பட்டுக் கறுத்த இடம், கை பிடித்துப் பளபளத்த இடம், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே காலி. தட்டினால் டங்கென்று கேட்கக்கூடாதே என்று உள்ளே என்ன அடைத்தார் என்பதை ஜெக்கரியாவிடம் அவர் கடைசி வரை சொல்லவில்லை. வேறென்ன, தெர்மாகோல்தான். தராசில் ஏற்றினார். ஒன்பது கிலோ. கமிட்டித் தலைவரிடம் போனில், "பழைய மரத்தையே இழைச்சு எடுத்திருக்கேன், வெடிப்பு போயிடுச்சு" என்றார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் அவரை உறுத்தியது.

மேரிக்குத் தெரியாமல் அந்தப் பட்டறையில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ஒட்டுத் தெரியாமல் சாயம் ஏற்றியதே அவள்தான். வேலை முடிந்ததும் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இத எந்தப் பக்கம் வைக்கறது?"

குழந்தைராஜ் சிலுவையைக் கவிழ்த்தார். பென்சில் எடுத்து, "பூவரசு, பங்குனி" என்று எழுதினார். அடுத்ததாக எடை எழுத வேண்டும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். சிலுவை அன்றிலிருந்து நீலக் கோட்டின் மேலேயே கிடந்தது.

பாஸ்காவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காயாரோகணம் என்பவர் பட்டறைக்கு வந்தார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு மீனவக் குடியிருப்பிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது, வெயிலில் காய்ந்த உடம்பு. உட்காரச் சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான்தாண்ணே இந்த வருஷம் சீமோனு. கமிட்டில உங்க பேரச் சொன்னாங்க. அந்தச் சிலுவ என்ன எடையிருக்கும்ணே?"

இதற்குச் சூசையூர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டவர் சிலுவையோடு விழுந்து விழுந்து எழுந்து போகும்போது, வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்ற ஆளைச் சேவகர்கள் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைத்ததாக வேதத்தில் இருக்கிறது. சீமோன் அசலூர்க்காரர். ஆகவே சூசையூரில் அந்த வேஷத்தை உள்ளூர் ஆள் யாரும் கட்டுவதில்லை. வெளியூரில் யாராவது நேர்ந்துகொண்டு வருவார்கள், அவர்களுக்குத்தான். எந்த ஊர், என்ன சாமி கும்பிடுகிறவர் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. ஒத்திகைக்குக்கூட அவர்கள் வரவேண்டியதில்லை. அன்று காலை வந்து, உடுப்பு மாட்டி, வயலிலிருந்து நடந்து வந்தால் போதும்.

காயாரோகணம் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். ஐப்பசியில் கடலுக்குப் போன அவர் மகன் நிதிஷின் படகில் இஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு நாள் தகவலே இல்லை. "எங்க ஊரு அம்மனையும் கும்புட்டேன், மாதாவையும் கும்புட்டேன். எந்தச் சாமி காதுல விழுந்துச்சோ, புள்ள வந்துட்டான். சீமோனா வந்து சிலுவ தூக்கறேன்னு நேந்துக்கிட்டேன்ணே. ஐஸ் பொட்டியில முப்பது கிலோ வச்சு கரையில தூக்கிட்டு நடந்து பழகறேன். எடை தெரிஞ்சா கூட்டிக்குவேன்."

"முப்பத்தெட்டு" என்றார் குழந்தைராஜ். வாயில் தானாக வந்துவிட்டது.

"அப்ப இன்னும் எட்டு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு எழுந்தார் காயாரோகணம். போகும்போது கோட்டின் மேல் கிடந்த சிலுவையைக் கும்பிட்டார். தொடவில்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் தொடக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பைக் சத்தம் மறைந்ததும் குழந்தைராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறந்ததிலிருந்து பார்த்த நாடகம். எந்த வசனத்துக்கு அப்புறம் எந்த வசனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஜெக்கரியாவும் அப்படி, மேரியும் அப்படி. ஒன்பது கிலோ சிலுவையை இன்னொருவர் தோளில் மாற்றுகிற கட்டம் ஒன்று இருப்பது மூன்று பேருக்கும் ஞாபகம் வரவில்லை. உள்ளூர் ஆள் நடிப்பதாயிருந்தால் வந்திருக்கும். சீமோன் வெளியூர்க்காரர் என்பதால் மூவர் நினைப்பிலும் அவர் இல்லவே இல்லை. இதை நினைத்தபோது குழந்தைராஜுக்கு வெட்கமாக இருந்தது.

ஜெக்கரியாவுக்குப் போன் போட்டார். காயாரோகணம் வந்துபோனதைச் சொன்னார். "லேசா இருந்தா அவரு சந்தோசந்தானடா படுவாரு?" என்றார் ஜெக்கரியா. அவர் குரலிலேயே அவருக்கு அதில் நம்பிக்கையில்லை.

"நேந்துக்கிட்டு வர்றாருடா. ஐஸ் பொட்டி தூக்கிப் பழகறாரு."

"சத்தியம் பண்ணியிருக்க நீ" என்று சொல்லிவிட்டு ஜெக்கரியா போனை வைத்துவிட்டார்.

குழந்தைராஜ் தச்சுக்காரர் புத்தியில் நாலு நாள் யோசித்தார். எருசலேம் வாசலுக்குப் பின்னால் கனமான இன்னொரு சிலுவையை வைத்திருந்து மாற்றிவிடலாமா? முடியாது. சேவகர்கள் சீமோனைப் பிடித்துத் தோளில் ஏற்றுவதைப் பார்க்கத்தான் பாதிச் சனம் வருகிறது. கண் முன்னால் நடந்தாக வேண்டும். சொல்லாமலே விட்டுவிட்டால் காயாரோகணம் மேடையில் சிலுவையைத் தூக்கும்போது திகைப்பார், அது ஆயிரம் பேருக்குத் தெரியும். ஜெக்கரியா மானம் கப்பலேறும். அது ஒரு பக்கம். சனத்துக்குத் தெரியாவிட்டாலும், கடலிலிருந்து மகன் திரும்பியதற்கு ஒரு மனிதர் கொடுக்க வந்ததை வாங்காமல் ஏமாற்றி அனுப்புவது இன்னொரு பக்கம். முதலாவதைவிட இரண்டாவதுதான் அவரைத் தின்றது.

"ஏறுற படியா பாக்குற படியான்னு சொல்லாம ஒருத்தன ஏத்திவிடறீங்க, திரும்பவும்" என்றாள் மேரி. சோற்றைப் போட்டுக்கொண்டேதான் சொன்னாள். குழந்தைராஜ் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மறுநாள் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். காயாரோகணம் கரையில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து வலை விளிம்பில் ஈயக் குண்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மலர்கொடி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைராஜ் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டென்ட், டாக்டர், வடக்கூர், ரம்பம், ஒன்பது கிலோ. சத்தியத்தை மீறிச் சொல்வதையும் சொன்னார்.

காயாரோகணத்தின் கை நின்றது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டார் கடைசியில்.

"ரெண்டு பொண்ணு. பெரியவ காலேஜு படிக்குது."

காயாரோகணம் தலையாட்டினார். மறுபடி ஈயத்தைக் கோக்க ஆரம்பித்தார். "டீ சாப்ட்டுட்டுப் போங்கண்ணே" என்றார்.

அவ்வளவுதான் பதில். வருவாரா, வரமாட்டாரா, வந்து மேடையில் சிலுவையைக் கீழே போட்டுவிட்டு இது பொய்யென்று சொல்வாரா, எதுவும் தெரியாமல் குழந்தைராஜ் பஸ்ஸில் திரும்பினார். ஜெக்கரியாவிடம் போய்வந்ததைச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

பெரிய வெள்ளியன்று வெயில் காலை ஒன்பதுக்கே ஏறிவிட்டது. வயல் நிறையச் சனம். குடையும் துண்டும் தலையில் போட்ட முந்தானையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வடக்கூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். குழந்தைராஜ் எப்போதும்போல எருசலேம் வாசலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில். அங்கிருந்து பலகை இடுக்கு வழியாக மேடை தெரியும்.

காயாரோகணம் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். உடுப்பு மாற்றுகிற கொட்டகைக்குள் மலர்கொடியோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

ஜெக்கரியா அன்று நடித்தது போல இருபத்தொரு வருஷத்தில் ஒருநாளும் நடித்ததில்லை. ஒன்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டுக்கு நடந்தார். முதல் தடவை விழுந்தபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். குழந்தைராஜ் மட்டும் மேடைப் பலகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பலகை எந்தக் கனத்துக்கு என்ன சத்தம் போடும் என்பது அதைப் போட்டவருக்குத் தெரியும். வழக்கமாக வாசலுக்கு முன்னால் மூன்றாவது பலகை, ஜெக்கரியா சிலுவையோடு மிதித்தால் முனகும். அன்றைக்கு முனகவில்லை. நடிப்புக்குப் பலகை முனகாது.

சேவகர்கள் சீமோனைத் தேடினார்கள். வரப்பிலிருந்து காயாரோகணம் வந்தார். நீளமான பழுப்பு அங்கி. மெதுவாக, ஒவ்வோர் அடியாக வந்தார். சனத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாரோ என்று நினைத்தார் குழந்தைராஜ். மேடைப் படியில் காலை வைத்தபோது காயாரோகணம் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினார்.

சேவகர்கள் அவரை இழுத்துச் சிலுவைக்கு அடியில் தள்ளினார்கள். ஜெக்கரியாவின் தோளிலிருந்து சிலுவை மாறியது. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. ஜெக்கரியாவின் முகத்தில் இருந்த பயம் நடிப்பல்ல என்று குழந்தைராஜுக்குத் தெரியும். காயாரோகணம் கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால் மடங்கியது. அப்படியே நிமிர்ந்து முதல் அடி எடுத்து வைத்தார்.

மூன்றாவது பலகை முனகியது.

குழந்தைராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அடுத்த அடிக்கு நாலாவது பலகையும் முனகியது. காயாரோகணத்தின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. சனம் உச்சுக்கொட்டியது. "யாருப்பா இந்தச் சீமோனு, நல்லா செய்யறாரே" என்று மேடையோரத்தில் ஒரு கிழவர் கேட்டார். வீதியின் கடைசி வரை தூக்கிக்கொண்டு போய்ச் சிலுவையைச் சேவகர்களிடம் கொடுத்துவிட்டு, காயாரோகணம் வாசலைச் சுற்றிப் பின்னால் வந்தார்.

வந்தவர் கண்ணில் பட்ட முதல் பாறையில் உட்கார்ந்தார். அது ஆண்டவரின் கல்லறைப் பாறை, ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புக்காகச் செய்து வைத்திருந்தது. அது அப்படியே நொறுங்க, காயாரோகணம் வெள்ளைத் தெர்மாகோல் தூளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றார் மூச்சு வாங்க.

குழந்தைராஜ் அவரைத் தூக்கிவிடக் குனிந்து இடுப்பில் கைபோட்டார். அங்கிக்குள் கல் போல என்னவோ தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தார். ஈயக் குண்டு. வலைக் கயிற்றில் கோத்து, இடுப்பைச் சுற்றி நாலு சுற்று, மார்புக்குக் குறுக்கே இரண்டு சுற்று. கயிறு பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து தடித்திருந்தது.

"வெயிங் மிஷின்ல போட்டுத்தாண்ணே கட்டினேன். முப்பத்தெட்டு சரியா இருந்துச்சு."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று குழந்தைராஜ் தொழில் பேச்சைப் பேசினார். "சிலுவையோட அடி தரையில இழுபடுமே. தோளுக்கு வர்றது பாதிக்குக் கொஞ்சம் மேலதான். இவ்வளவு கட்டியிருக்க வேணாம்."

"பாதின்னு நேந்துக்கலயேண்ணே."

முடிச்சை அவிழ்க்கப்போன கையைக் காயாரோகணம் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும். அவரு சிலுவையிலேருந்து எறங்கட்டும்" என்றார். மேடையில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. மூன்று மணி அடிக்கும் வரை அந்த மனிதர் முப்பத்தெட்டு கிலோவோடு தெர்மாகோல் தூளில் உட்கார்ந்திருந்தார். மலர்கொடி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். குழந்தைராஜ் அழுதார். மேடைக்குப் பின்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

மூன்றுக்கு மேல் ஜெக்கரியா வேஷத்தோடு பின்னால் வந்தார். முகமெல்லாம் சிவப்புச் சாயம். "குழந்த, அவரு எப்படிடா அப்படி..." என்று ஆரம்பித்தவர், மலர்கொடி அவிழ்த்து அவிழ்த்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்த ஈயத்தைப் பார்த்தார். காயாரோகணத்தின் இடுப்பைப் பார்த்தார். ஜெக்கரியா குனிந்து ஒரு ஈயச் சரத்தில் கைவைத்தார்.

"தூக்காதீங்க" என்றார் காயாரோகணம். "தூக்காதடா" என்றார் குழந்தைராஜ். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

ஜெக்கரியா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, சிலுவை பட்டறைக்குத் திரும்பியது. சாயம் பெயர்ந்த இடத்தைச் சரிசெய்துவிட்டுக் கோயில் கிட்டங்கிக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஜெக்கரியாவும் வந்தார். தாடியை எடுத்திருந்தார். மேரி டீ கொடுத்தாள். இந்தத் தடவை அளவு நாற்காலியில் உட்கார்ந்ததுமே முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

குழந்தைராஜ் சிலுவையைக் கவிழ்த்துத் இளகிய ஒட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஜெக்கரியா எழுந்து வந்து, "பூவரசு, பங்குனி" என்று எழுதியிருந்ததைப் படித்தார். அதற்கு அடுத்தபடி எழுதாமல் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார்.

"பென்சிலக் குடு" என்றார்.

குழந்தைராஜ் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜெக்கரியாவின் எழுத்து லைன்மேன் எழுத்து, கோணலாகப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாக எழுதினார். "எடை ஒன்பது கிலோ. ஜெக்கரியாவுக்கு நெஞ்சு சரியில்லை. கூட ஈயம் முப்பத்தெட்டு கிலோ, தூக்கியவர் காயாரோகணம்." எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சுடும்டா" என்றார் குழந்தைராஜ். "வடக்கூருக்கும்."

"தெரியட்டும். அடுத்த வருசம் தூக்குறவனுக்குத் தெரிய வேணாமா?"

மேரி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நின்றாள். "அப்ப இத எந்தப் பக்கம் வைக்கறது?" என்று கேட்டாள்.

குழந்தைராஜ் கோட்டுக்கு முன்னால், பாலிஷ் காய்ந்துகொண்டிருந்த சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். ஒன்பது கிலோதானே, இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்ள ஜெக்கரியாவுக்கும் அனுமதி கிடைத்தது.